வீட்டில் கதைப் புத்தகம்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் வாடகை வீட்டில் குடியிருக்கும் தாய் நான். மூத்தவள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள், இளையவன் யு.கே.ஜி. படிக்கிறான். பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் இருப்பதை அறிந்த அக்கம்பக்கத்தாரும், பள்ளி வாசலில் காத்திருக்கும்போது பழக்கமான பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஆசிரியையோ நூலகரோ அல்ல. கதைப் புத்தகத்தை இன்னொரு பாடமாக்கிவிடாமல் வீட்டாரின் அன்றாடப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. பதில்கள் எல்லாம் அந்தச் சாய்வோடுதான் இருக்கும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

குழந்தை மடியில் நிமிர்ந்து உட்காரும் பருவம் வந்ததும் தொடங்கலாம். அந்த வயதில் குழந்தை புத்தகத்தை வாயில் வைக்கும், கசக்கும், கிழிக்கும். அதற்கென்றே கெட்டி அட்டையில் அச்சிட்ட புத்தகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க முடியாவிட்டால் பழைய காலண்டர் படங்களை வெட்டி, மைதாப் பசையால் அட்டையில் ஒட்டிக் கொடுத்தாலும் போதும். எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த வயதில் வாசிக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. குழந்தைக்கு உங்கள் குரலும் படத்தைக் காட்டும் விரலும் இருந்தால் போதும்.

புத்தகத் தமிழ் என் பிள்ளைக்குப் புரியவில்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பதா, நாம் பேசுவதுபோல் மாற்றிச் சொல்வதா?

மூன்று நான்கு வயதுவரை தயங்காமல் மாற்றிச் சொல்லுங்கள். "இங்க வந்து குந்து", "அத்த இட்டுனு வா" என்று கேட்டு வளரும் குழந்தைக்கு "அமர்ந்தான்", "அழைத்து வந்தாள்" போன்ற சொற்கள் முதல் நாளில் அந்நியமாகவே ஒலிக்கும். அந்த அந்நியம் குழந்தையின் குறையும் அன்று, புத்தகத்தின் குறையும் அன்று. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் வைத்திருக்கும் மொழியில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் கடக்க வேண்டிய வழி அது.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தை முதன்முதலாக எடுக்கும்போது படத்தைக் காட்டி வீட்டுப் பேச்சிலேயே கதையைச் சொல்லிவிடுவேன். அடுத்தடுத்த முறைகளில், பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் இடங்களை நம் பேச்சிலும், நடந்ததைச் சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடியும் வாசிப்பேன். கதை முன்பே தெரிந்திருப்பதால் "சென்றது" என்றால் போனது என்று குழந்தையே ஊகித்துக்கொள்கிறது; யாரும் பொருள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து வயதை ஒட்டி முழுவதையும் எழுதியபடியே வாசித்தாலும் தடை இருப்பதில்லை.

பாட்டை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்களைப் போன்றவை எதுகையிலும் மோனையிலும் நிற்பவை. ஒரு சொல்லை மாற்றினால் நடை சரிந்துவிடும். பொருள் முழுதும் புரியாமலே பாட்டு மனத்தில் தங்கும், பொருள் பிறகு தானாக வந்து சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரைப்படத்தில் ரவுடிக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்பட்ட பேச்சு என்று நம் பேச்சைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. கதையில் வரும் சிங்கம் ராயபுரத்து மீன்காரம்மாவைப் போல் அதட்டினால் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கூச்சத்துக்காக விட்டுக்கொடுப்பானேன்?

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தமிழ் வாசிக்கத் திணறுகிறது. என்ன செய்வது?

திணறல் எந்த எழுத்தில் வருகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை அச்சுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, அவை சேர்ந்து பிறக்கும் உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்பதே அந்தக் கணக்கு; துணைக்குறிகள் பழகிவிட்டால் உயிர்மெய்யில் பெரும்பகுதி கைவசமாகிவிடும். மெய்யான இடர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. "கெ", "கே", "கை" ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ", "கோ" இரண்டிலும் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, டு, து, பு என உகரமோ எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் கொள்கிறது. இடமிருந்து வலமாக ஒலிகளைக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கப் பழகிய பிள்ளை இந்த இடங்களில் தடுக்கி நிற்பது இயல்பே. அந்தச் சில எழுத்துகளை மட்டும் தனியே எடுத்துப் பழக்கினால் போதுமானது. மறுபடியும் அகரத்திலிருந்து ஒப்பிக்கச் சொல்வது பிள்ளையின் பொறுமையைத்தான் கெடுக்கும்.

அடுத்த இடர், சொற்களின் நீளம். "ஓடிக்கொண்டிருந்ததைப்பார்த்து" என்று சேர்த்து அச்சிட்டிருந்தால் எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையும் நடுவில் மூச்சுவிட்டு நின்றுவிடும். தொடக்க வாசகர்களுக்கான நல்ல புத்தகத்தில் இத்தகைய சொற்கள் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும், பக்கத்துக்கு ஓரிரு வரிகளே இருக்கும், எழுத்தும் பெரிதாக இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குரிய புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளாகப் பிரித்தார்கள். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டிலும் அதையே பின்பற்றலாம்.

வாசிக்கும்போது ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை என்று மாறி மாறி வாசியுங்கள். சொல்லில் நின்றால் அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். மெட்ரோவில் போகும்போது புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று பெயர்ப்பலகைகளைக் கதவு மூடுவதற்குள் வாசித்து முடிப்பது என் மகளுக்குப் பிடித்த பந்தயம். அதிலிருந்து அவளுக்கு வந்த வேகம் எந்தப் பயிற்சி நோட்டிலிருந்தும் வரவில்லை.

நல்ல புத்தகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடையிலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் அது பெரும்பாலும் அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்டதாக இருக்கும். பளபளப்பான படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடைபாதையில் குவித்து விற்கப்படும் "நூறு கதைகள்" வகைத் தொகுப்புகள் விலை குறைவுதான். ஆனால் எழுத்துப்பிழை மலிந்த பக்கத்தில் வாசிக்கக் கற்கும் பிள்ளை அந்தப் பிழையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

கதை முடிந்ததும் கட்டம் கட்டி "நீதி" போடும் புத்தகங்களை நான் தவிர்க்கிறேன். அந்தக் கட்டத்தை வாசித்தவுடன் கதையைப் பற்றி மேலும் யோசிக்க ஒன்றும் இல்லை என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. நீதி சொல்வது நம் மரபு என்பார்கள். நம் மரபில் ஔவையின் ஆத்திசூடி நீதி என்ற பெயரிலேயே நேராக வந்து நிற்கிறது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. கதைக்குள் ஒளிந்துவந்து கடைசியில் வாத்தியாராக மாறுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

படங்களையும் கவனியுங்கள். நல்லவர்கள் எல்லாரும் வெளுத்த நிறத்திலும், திருடனும் அரக்கனும் மட்டும் நம் நிறத்திலும் வரையப்பட்ட புத்தகம் இன்றும் விற்பனைக்கு வருகிறது. அப்பா நாளிதழ் வாசிக்க, அம்மா அடுப்படியில் நிற்க, மகள் தண்ணீர் கொண்டுவரும் படமும் அப்படித்தான். ஒரு புத்தகம் அப்படி இருந்தால் பிள்ளை கெட்டுவிடாது. அலமாரி முழுவதும் அப்படி இருந்தால் யோசிக்க வேண்டும்.

யாருடைய புத்தகத்தை வாங்குவது என்று தொடங்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குப் பால சாகித்ய புரஸ்கார் வழங்கிவருகிறது. தமிழில் 2020இல் எஸ். பாலபாரதியும், 2023இல் உதயசங்கரும், 2024இல் யூமா வாசுகியும் அதைப் பெற்றார்கள். அவர்களிடமிருந்து தொடங்கினால் அடுத்த பெயர்கள் தாமாகவே தெரியவரும்.

கதை முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேட்க வேண்டாமா?

வேண்டாம். என்னிடம் ஒரே ஓர் அறிவுரைதான் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பள்ளியில் நாள் முழுவதும் கேள்வி, மாலையில் டியூஷனில் கேள்வி, வீட்டுப்பாடத்தில் கேள்வி. அதற்கும் மேல், படுக்கப்போகும் நேரத்தில் அம்மா சொன்ன கதைக்கும் கேள்வி என்றால், கதை கேட்பதற்கு விலையாகப் பதில் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. சில நாள்களில் கதையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. "முயல் ஏன் தோற்றது?" என்ற கேள்விக்கு நாம் எதிர்பார்க்கும் விடை என்ன என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதனால் நமக்கும் ஒன்றும் தெரியவருவதில்லை.

கேட்பதற்குப் பதில், உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள். "அந்த ஓநாயைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். ஓநாயைப் பற்றி மறுக்க வேண்டியிருந்தால் பிள்ளை மறுக்கும், இல்லாவிட்டால் தூங்கும். பேச்சு பிறகு வரும். நாம் எதிர்பாராத இடத்தில் வரும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அப்பாவைப் பற்றிய ஒரு கதையைக் கேட்டுவிட்டு என் மகள் அன்று ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த வாரம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா நைட் ஷிப்ட் போறப்போ தூக்கம் வந்தா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவரிடமே கேட்கச் சொன்னேன். கிரேன் ஓட்டுபவர்கள் எப்படிக் கண்விழித்து இருக்கிறார்கள், தேநீர் எப்போது வரும், கப்பல் வராத இரவில் என்ன செய்வார்கள் என்று தந்தையும் மகளும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையின் கருத்து என்ன என்று நான் அன்றே கேட்டிருந்தால் "பாசம்" என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

பிள்ளை கேள்வி கேட்டால் மட்டும் கட்டாயம் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் என்ன செய்ய முடியும்?

நம்மைவிட நன்றாகவே செய்ய முடியும். என் பிள்ளைகளின் ஆயா, அதாவது என் மாமியார், பள்ளிக்கூடம் போனதே இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படங்களைப் பார்த்துத் தாமாக ஒரு கதை கட்டிச் சொல்வார்கள். அச்சில் இருப்பதற்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரிந்த மூத்தவள் "அப்படி இல்ல ஆயா, இதுல வேற போட்டிருக்கு" என்று வாசித்துக் காட்டுவாள்; "அவுங்களுக்கு என்னா தெரியும்" என்று ஆயா தம் கதையைத் தொடர்வார். இந்த வழக்கு தீராமலே இருப்பதுதான் எனக்கு வசதி. பாட்டியிடம் வாதாடுவதற்காகவே பேத்தி கவனமாக வாசிக்கிறாள். எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் கதை சொல்லும் புத்தகங்களும் கிடைக்கின்றன. எழுத்தறியாத பெரியவரும் சிறு குழந்தையும் சேர்ந்து பார்க்க அவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை.

அவர்களிடம் புத்தகம் இல்லாத கதைகளும் இருக்கின்றன. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரை மணக்கும் கதையை ஆயா சொல்லும்போது பிள்ளைகள் சிரித்துப் புரள்கிறார்கள். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோமே என்று, சாமியை அந்த நேரத்துக்கு மட்டும் மகிழமரத்தடியில் போய் இருக்கும்படி சுந்தரர் கேட்டுக்கொள்கிறார். சாமியோ சங்கிலியாரிடம் மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி சொல்லிக்கொடுத்துவிடுகிறார். பிறகு சத்தியத்தை மீறிப் புறப்பட்டவருக்கு ஊர் எல்லையில் கண் மறைகிறது. பெரியபுராணத்தில் உள்ள இந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் கோயில் எங்கள் வீட்டிலிருந்து சில மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளித்தான் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்ததையும், ஊர் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதையும் தம் பாட்டி சொல்லக் கேட்டதாக அவர் சொல்வார். அப்பா வேலைக்குப் போகும் அதே துறைமுகம் என்பதால் இளையவனுக்கு அது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.

அப்பாவுக்கு நேரமே இல்லை.

நேரம் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர் இரவில்தான் வாசிக்க வேண்டும் என்று விதி இல்லை. என் கணவர் வார விடுமுறை நாளின் காலையில் வாசிக்கிறார். வெளியூரில் இருக்கும் அப்பா வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கதையை அனுப்பலாம். காசிமேட்டுக் குடும்பங்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வருகிறது. வருமானம் இல்லாத அந்த நாள்களில் கதை வாசிக்கச் சொல்வது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் வலையைச் சரிபார்க்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கலாம். கேட்பதற்குக் கை தேவையில்லை.

ஒரே அறைதான். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி வாசிப்பது?

சீரியல் நேரத்தோடு போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். எங்கள் வீட்டில் சீரியல் முடிந்து பாய் விரித்த பிறகுதான் புத்தகம் எடுப்போம். மொட்டை மாடி உள்ள வீடுகளில் வெயில் தாழ்ந்ததும் அங்கே போய்விடலாம்.

புத்தகம் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

முதலில் கிளை நூலகத்துக்குப் போங்கள். அது இலவசச் சலுகை அன்று. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது, வாடகைக்கு இருப்பவர்களும் வாடகையின் வழியாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பொது நூலகத்துக்கென்று 1948இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. கிளை நூலகங்களில் சிறுவர் பகுதி பல இடங்களில் ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடுகிறது, புதிய புத்தகங்கள் அரிதாகவே வருகின்றன. ஆனாலும் பிள்ளையோடு தவறாமல் போய்க் கேட்பவர்கள் இருந்தால்தான் அந்த அலமாரி வளரும். விடுமுறையில் ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 2010இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் சிறுவர்களுக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறது. நந்தனத்தில் நடக்கும்போது விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமலே போய் இறங்கலாம். பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் புத்தகங்களில் நூறு ரூபாய்க்குள் நல்லவை கிடைக்கும். பிள்ளையின் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அதற்குள் அதுவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுவது என் வழக்கம். சில சமயம் மட்டமான புத்தகத்தோடு திரும்பும், அதுவும் அதன் உரிமை. பழைய புத்தகத்துக்குச் சென்ட்ரல் பக்கம் போகலாம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் அங்கிருந்த வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள்.

மொபைலில் கதை படிப்பது தவறா?

தவறில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. பதிவிறக்கவும் அச்சிடவும் காசு கேட்பதில்லை. நிபந்தனை ஒன்றுதான்: மொபைல் உங்கள் கையில் இருக்கட்டும், வாசிப்பது நீங்களாக இருங்கள். யூடியூபில் கதை ஓடவிட்டுச் சமையலுக்குப் போவது தேவைப்படும் நாள்கள் எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. அதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

நம் பகுதியைப் பற்றிய சிறுவர் கதைகளே இல்லையே?

மிகக் குறைவுதான். தமிழ்ச் சிறுவர் கதைகளில் கிராமம் என்றால் வயலும் ஆலமரமும், நகரம் என்றால் லிஃப்ட் உள்ள அடுக்ககமும் வருகின்றன. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை, வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, வாரியக் குடியிருப்பின் படிக்கட்டு, தண்ணீர் லாரிக்கு வைத்த குடங்களின் வரிசை ஆகியவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை தன்னைக் கதையில் எங்கே தேடும்? வடசென்னையைக் காட்டும் படங்களோ பெரும்பாலும் கத்தியோடு வருகின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, நாங்களே புத்தகம் செய்துகொள்வது. நான்கைந்து வெள்ளைத் தாள்களை நடுவில் மடித்து ஊசிநூலால் தைத்தால் புத்தகம் ஆயிற்று. பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம். படம் அவர்கள் வரையட்டும். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி மகள் ஒன்று செய்திருக்கிறாள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது என்று நான் சொன்னதும், அந்த ரயிலில் ஏறிய ஒரு பூனையை அவள் கதாநாயகியாக்கினாள். பூனை டிக்கெட் எடுக்கவில்லை என்பதுதான் கதை. வாங்கிய புத்தகங்களைவிட இதுதான் எங்கள் வீட்டில் அதிகம் வாசிக்கப்படுகிறது.

நாங்கள் வீட்டில் தெலுங்கு, உருது பேசுகிறோம். தமிழ்ப் புத்தகம் குழப்பாதா?

குழப்பாது. தெருவில் தமிழும் வீட்டில் இன்னொரு மொழியும் பேசும் பிள்ளைகள் நம் பகுதியில் தலைமுறைகளாக வளர்ந்திருக்கிறார்கள். படத்தை வைத்து உங்கள் மொழியில் கதை சொல்லுங்கள், எழுத்தைத் தமிழில் வாசியுங்கள். சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. ஸ்டோரிவீவரில் தெலுங்கும் உருதும் உண்டு.

ஒரே புத்தகத்தையே தினமும் கேட்கிறான்.

வாசியுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை.

பந்து விளையாடப் போனால் திரும்புவதே இல்லை. எப்போது வாசிப்பான்?

வியாசர்பாடியில் கால்பந்து விளையாடும் பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து வந்து புத்தகத்தின் முன் உட்காரவைத்தால் இரண்டுமே கெடும். அவன் விளையாடட்டும், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையையும் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

மழையில் புத்தகங்கள் நனைந்துவிட்டன. காப்பாற்ற முடியுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பலரும் கேட்ட கேள்வி இது. சாதாரணத் தாளில் அச்சிட்டவற்றைக் காப்பாற்றலாம். வழுவழுப்பான தாளில் அச்சிட்ட படப் புத்தகங்கள்தான் சிக்கல். அந்தத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஆகவே அவற்றை முதலில் கவனியுங்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை மெதுவாகப் பிரித்து, இடையில் பழைய பருத்தித் துணியோ வெள்ளைத் தாளோ வைத்து, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் வைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும், மின்விசிறிக் காற்றே நல்லது. உடனே பார்க்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் தாக்குப்பிடிக்கும். அந்த நாள்களில் நமக்கு மின்சாரம் இருக்குமா என்பது வேறு கதை. சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியவற்றைப் பிள்ளைகள் கையில் மறுபடி கொடுக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன் புத்தகங்களைத் தரைமட்ட அலமாரியிலிருந்து பரணுக்கு ஏற்றிவிடுவதே சிறந்த வழி.

எவ்வளவு முயன்றும் வாசிக்கவே வரவில்லை. சோம்பேறித்தனமா?

அந்தச் சொல்லை எடுப்பதற்கு முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை. பார்வையும் செவியும் சரியாக இருந்து, நன்றாகப் பேசும் பிள்ளை எழுத்தை மட்டும் தொடர்ந்து மாற்றி மாற்றி வாசித்தால், எழுதியதையே வாசிக்க முடியாமல் தவித்தால், டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை ஆசிரியரோ அண்டை வீட்டாரோ தீர்மானிக்கக் கூடாது. அதற்கென்று பயின்ற வல்லுநரிடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தனிப்பயிற்சியால் முன்னேற்றம் வரும். இடைப்பட்ட காலத்தில் வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கண்ணால் எட்டாத கதை காதால் எட்டும்.

கதைப் புத்தகம் படித்தால் மதிப்பெண் கூடுமா?

கூடலாம், கூடாமலும் போகலாம். அந்த நம்பிக்கையில் தொடங்குபவர்கள் முதல் பருவத் தேர்வு முடிவோடு நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டால் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடலாமா?

பிள்ளை போதும் என்று சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையால் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நூல் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய நூல் வேறு. பின்னது எப்போதும் சற்றுப் பெரிதாகவே இருக்கும். ஆகவே அதற்கு எட்டாத நீண்ட நாவல்களை இரவுக்கு ஓர் அத்தியாயமாக நீங்கள் வாசியுங்கள், சின்னப் புத்தகங்களை அது தானாக வாசிக்கட்டும். வீட்டில் இளையது இருந்தால் அதற்கு வாசித்துக் காட்டும் வேலையை மூத்ததிடம் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. மகள் தம்பிக்கு வாசிக்கும்போது தனக்குப் பிடிக்காத பக்கங்களைத் தாண்டிவிடுகிறாள், அவன் அதைக் கண்டுபிடித்து அழுகிறான், பிறகு இருவரையும் விலக்கிவிட்டு ஆயா படத்தைப் பார்த்து வேறு கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார்.